பிச்சாவரம் அலையாத்திக் காட்டுல மொட்டையா கிடக்குற இடத்துல கன்னு நட்டா காடு வந்துடுமா?

சும்மா நட்டா வராதுங்க. அங்க பிரச்சனை கன்னு இல்ல, தண்ணி.

வெள்ளைக்காரன் காலத்துலயே காட்ட கூப்பு கூப்பா, அதாவது வெட்டுறதுக்குன்னு துண்டு துண்டா பிரிச்சு மரத்த மொத்தமா வெட்டிட்டாங்க, நிழல் போச்சு, வெயில் நேரா சேத்துல அடிச்சு மண்ணு காஞ்சு உள்வாங்கி நடுவுல தட்டு மாதிரி பள்ளமாயிடுச்சு. ஓதத்துல, அதாவது கடல் ஏத்தத்துல உள்ள வர்ற தண்ணி திரும்பி வெளிய போக வழியில்லாம அங்கயே நின்னு வத்தும், உப்பு மட்டும் ஏறிக்கிட்டே போகும். உப்பு தாங்குற அலையாத்தி மரத்துக்கும் ஒரு அளவு இருக்குல்ல? ஆடு மாடு மேய்ச்சுதான் காடு அழிஞ்சுதுனு ரொம்ப நாளா ஊர்க்காரங்க மேல பழி போட்டாங்க, அது பாதிக்கதைதான்.

1990கள்ல எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோட சேர்ந்து மீன்முள் வாய்க்கால் வெட்டினாங்க. நடுவுல ஒரு பெரிய வாய்க்கால், ரெண்டு பக்கமும் சாய்வா சின்ன வாய்க்கால்கள், ஓதம் ஏறி இறங்கும்போதே உப்ப அலசிட்டு போயிடும். அதுக்கப்புறம்தான் வாய்க்கால் கரையோரமா வெண்கண்டல்ங்கிற அலையாத்தி மரத்த நட்டாங்க. அந்த எலையோட அடிப்பக்கத்த நக்கிப் பாருங்க, கரிக்கும், வேர்ல உறிஞ்சுன உப்ப எலை வழியா வெளிய தள்ளுது.

2022ல ராம்சர் பட்டியல்லயும், அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்லயும் பிச்சாவரத்த சேர்த்தாச்சு, சந்தோஷம்தான். ஆனா போர்டு வச்சா போதாது, வாய்க்கால் வண்டல் சேர்ந்து தூர்ந்துடும், அப்பப்ப தூர்வாரலன்னா திரும்ப பழைய பள்ளந்தான்.