மொதல்ல ஒழுகல், ஆடிக்கு மேல தோட்டம்

கேள்வி: கடலூர் புதுப்பாளையத்துல சொந்த வீடு சார், கட்டி இருபது வருஷம் ஆச்சு. மாடி ஒழுகுது, பெட்ரூம் சீலிங்ல சிமெண்ட் பெயர்ந்து கம்பி தெரியுது, அதுக்கு மேஸ்திரி 70,000 கேக்குறார். வாசல் கேட்டுக்கு பெயிண்ட், பைப் வேலைக்கு 15,000. மாடித்தோட்டம் போடணும்னு ரொம்ப நாள் ஆசை, ஸ்டாண்டு, ஷேட் நெட், சொட்டுநீர் எல்லாம் சேத்து 65,000 சொல்றாங்க. மொத்தம் ஒன்றரை லட்சம். பர்சனல் லோன் 14 சதவீதத்துக்கு தரேன்னு பேங்க்ல கூப்பிடுறாங்க. சேவிங்ஸ்ல 40,000 இருக்கு. 3 லட்சம் எஃப்டி, 7 சதவீதத்துல மூணு வருஷத்துக்கு போட்டது, ரெண்டு வருஷம் முடிஞ்சிருச்சு. மாசம் 9,000 மிஞ்சும். லோன் வாங்கலாமா, எஃப்டிய உடைக்கலாமா?

பதில்: ரெண்டும் வேணாம்மா. அந்த லோன மூணு வருஷத்துக்கு வாங்கினா மாசம் 5,130 கட்டணும், வட்டி மட்டும் 34,000க்கு மேல போகும். எஃப்டிய உடைச்சா பொதுவா அரை சதவீதத்துலருந்து ஒண்ணு வரைக்கும் வட்டிய குறைப்பாங்க, உங்க 3 லட்சத்துக்கு ரெண்டு வருஷத்துல ஆறாயிரம் வரைக்கும் கைய விட்டு போயிடும்.

எனக்கு கவலையே அந்த கம்பிதான். நம்ம ஊரு உப்புக்காத்துல தண்ணியும் எறங்கினா கம்பி துருப்பிடிச்சு உப்பும், உப்பி கான்கிரீட்ட வெளிய தள்ளும், இன்னிக்கு ஒரு முழம் பெயர்ந்தது அடுத்த வருஷம் ரூம் பூரா வரும். ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிச்சே ஆகணும், அதுவும் மாடி நல்லா காஞ்சிருக்கிற பங்குனி சித்திரைல செஞ்சாதான் ஒழுகல அடைக்கிற வேலை நீடிச்சு நிக்கும்.

தோட்டம் அப்படி இல்ல. ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சும்மா சொல்லல, இப்ப பங்குனில விதை போட்டா செடி தலையெடுக்கிறப்ப அக்னி நட்சத்திரம் வந்துரும், ரெண்டு வேளை தண்ணி ஊத்தியும் வாடும். அதனால ஆசைய விட சொல்லல, நாலு மாசம் தள்ளி வைங்கன்னுதான் சொல்றேன். அந்த நாலு மாசம்தான் உங்க பணப் பிரச்சனைக்கும் வழி.

இப்ப எஃப்டி மேல ஓவர்டிராஃப்ட் கேளுங்க, அதாவது எஃப்டிய உடைக்காம அத ஈடா வச்சு வேணுங்கிறப்ப எடுத்து கட்டிக்கிற கடன். எஃப்டி வட்டிய விட ஒண்ணு ரெண்டு சதவீதம்தான் கூட இருக்கும், எடுத்த பணத்துக்கு மட்டும்தான் வட்டி, உங்க எஃப்டியும் அப்படியே ஓடிட்டிருக்கும். 80,000 எடுங்க போதும், கேட்டு வேலைய நீங்களே பாத்துக்கலாம், உப்புத்தாள்ல துருவ நல்லா தேய்ச்சுட்டு ரெட் ஆக்சைடு ப்ரைமர் அடிச்சு காய விட்டு மேல பெயிண்ட், துரு மேலயே அடிச்சா ஒரு மழைக்கு கூட தாங்காது. மாசா மாசம் அந்த 9,000த்த கட்டுனா பத்து மாசத்துல முடியும், 8 சதவீதம்னு வச்சா வட்டி மூவாயிரத்த ஒட்டிதான் வரும். சேவிங்ஸ்ல இருக்கிற 40,000த்த தொடாதீங்க, அது ஆஸ்பத்திரி, ஸ்கூல் ஃபீஸுக்கு.

ஆடில ஒரு மாசம் மட்டும் கட்டாம அந்த காசுல தோட்டம் ஆரம்பிங்க. 65,000 செட்டு வேணவே வேணாம், பன்னெண்டு பை, தேங்காநார்க் கழிவு, மண்புழு உரம், கொஞ்சம் செம்மண், கத்தரி வெண்டை கீரை விதை, ஏழாயிரத்துக்குள்ள அடங்கும். தோட்டக்கலைத் துறைல மானியத்துல மாடித்தோட்ட கிட் கொடுக்கிறது உண்டு, அங்கயும் போய் கேட்டுருங்க. வெறும் மண்ண நெரப்பாதீங்க, ஒரு கன அடி ஈர மண்ணே சுமாரா 45 கிலோ கனம். எங்க வீட்ல பைய நேரா தட்டோடு மேல வச்சிருந்தோம், ஒரு நாள் ஒண்ண நகத்துனா அடியில கறுப்பா வட்டமா ஈரம், தட்டோடு இடுக்குல வேர் எறங்கி இருக்கு. கீழ ரெண்டு செங்கல் கொடுத்து தூக்கி வைங்க, சுவர் ஓரமா வைங்க.

மேஸ்திரிக்கு மொத்தத்தையும் முன்னாடியே கொடுத்துடாதீங்கம்மா, மூணு தவணையா பிரிச்சு கடைசி 10,000த்த கைலயே வச்சுக்கோங்க. வேலை முடிஞ்சு நல்லா எறுகினதும் மாடில மழைத்தண்ணி வெளிய போற குழாய துணி வச்சு அடைச்சு ஒரு இன்ச் தண்ணி ஒரு நாள் பூரா நிக்க விடுங்க, மறுநாள் பெட்ரூம் சீலிங்க கையால தொட்டு பாருங்க, காஞ்சிருந்தா அப்புறம் அந்த பத்தாயிரத்த கொடுங்க.