10-4 மனப்பாடம் பண்ண பயலுக்கு நம்ம ஊர்ல என்ன வேலை இருக்கு?

அக்கா, நேத்து போன்ல நீங்க பேசினதுக்கு அப்பவே பதில் சொல்லிருக்கலாம், பஸ்ல இருந்தேன், சத்தத்துல பாதி கேக்கல, அதான் உக்காந்து டைப் பண்றேன், பெருசா போகும், பொறுமையா படிங்க, உங்க வீட்டுக்காரரு சனிக்கிழமை வண்டிப்பெரியாறு எஸ்டேட்டுல இருந்து எறங்கி வந்ததும் அவரையும் படிக்கச் சொல்லுங்க.

மொதல்ல பயம் விடுங்க. உங்க பய ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஹெட்போன மாட்டிக்கிட்டு அமெரிக்கா போலீசும் ஃபயர் சர்வீசும் ரேடியோல பேசிக்கிறதக் கேக்குறான், நோட்டு பூரா நம்பரா எழுதி வச்சிருக்கான், கேட்டா டென் ஃபோர்ங்கிறான், கிறுக்குப் புடிச்சிருச்சோன்னு கேட்டீங்கல்ல. கிறுக்கு இல்லக்கா. போன வாரம் கம்பத்துல என்கிட்ட ஒரு மணி நேரம் பேசினான், என்கிட்ட என்ன படிக்கலாம், என்ன வேலைக்குப் போகலாம்னு கேட்டு வர்ற புள்ளைங்கள்ல பாதிப் பேரு தனக்கு என்ன புடிக்கும்னே சொல்லத் தெரியாதவங்க, இவன் அப்படி இல்ல. ஆனா அவன் புடிச்சிருக்கிற நுனி தப்பு, அத மட்டும் கொஞ்சம் திருப்பி விடணும்.

அந்த நம்பர் சமாச்சாரம் என்னன்னு உங்களுக்கும் தெரியட்டும், அப்பத்தான் அவன்கிட்ட பேச முடியும். 1937 வாக்குல அமெரிக்கால இல்லினாய் மாநில போலீஸ்ல சார்லஸ் ஹாப்பர்னு ஒருத்தர் ஆரம்பிச்சது. அப்ப கார்ல இருந்த ரேடியோவுக்குப் பட்டனை அமுக்கினதும் உள்ள மோட்டார் சுத்தி வேகம் புடிக்க கொஞ்ச நேரம் ஆகும், அதுக்குள்ள பேசுற மொத வார்த்தை காணாமப் போயிரும், அதனால முன்னாடி சும்மா ஒரு டென் சொல்லிட்டு அப்புறம் விஷயத்த நம்பரா சொன்னாங்க, டென் போனா போகட்டும், ஃபோர் வந்து சேரும், 10-4ன்னா சரி புரிஞ்சுச்சுன்னு அர்த்தம். அவ்வளவுதான் ரகசியம்.

இதுல என்ன வம்புன்னா, அங்க ஊருக்கு ஊரு தனி போலீசு, தனி ஃபயர் டிபார்ட்மென்ட், அந்தந்த ஊரு நிர்வாகத்துக்குக் கீழ, அதனால இந்த நம்பர் கோடும் ஊருக்கு ஊரு மாறும். நியூயார்க் போலீஸ்ல 10-13ன்னா ஒரு போலீஸ்காரருக்கே ஆபத்து, ஓடி வாங்கன்னு அர்த்தம், அதே ஊரு ஃபயர் சர்வீஸ்ல 10-75ன்னா நெசமாவே தீ புடிச்சிருக்கு, வண்டிய அனுப்புன்னு அர்த்தம், பக்கத்து ஊருக்குப் போனா இந்த நம்பரே வேற. 2001 செப்டம்பர்ல அந்த ரெட்டைக் கோபுரம் விழுந்தப்ப மேல சுத்துன போலீஸ் ஹெலிகாப்டர்ல இருந்து சொன்ன எச்சரிக்கை உள்ள ஏறிப் போன ஃபயர் ஆளுங்களுக்குப் போய்ச் சேரல, ரெண்டு பேருக்கும் ரேடியோவே வேற வேற, அன்னைக்கு 343 ஃபயர் ஆளுங்க செத்தாங்க. அப்புறம் 2006ல அமெரிக்க மத்திய அரசாங்கமே, பல துறை சேந்து வேலை செய்யுற எடத்துல நம்பர் கோடு வேண்டாம், எல்லாருக்கும் புரியிற சாதா பாஷைல பேசுங்கன்னு சொல்லிருச்சு. இத அவன்கிட்ட சொன்னேன், மொகம் தொங்கிப்போச்சு, நோட்டு முழுக்க எழுதி வச்சிருக்கான்ல பாவம்.

நம்ம பக்கம் அமைப்பே வேற. போலீசும் சரி ஃபயர் சர்வீசும் சரி, மாநிலத்துக்கே ஒரே துறை. கம்பத்துல வேலை பாக்குறவர நாளைக்கு கும்மிடிப்பூண்டிக்கு மாத்துனாலும் அதே துறை, அதே பேச்சு முறை, (மாத்துவாங்க, அதையும் மனசுல வச்சுக்கங்க). நம்ம போலீஸ்காரங்க வயர்லெஸ்ஸ மைக்குன்னுதான் சொல்வாங்க, மைக்ல கூப்பிட்டாங்க, மைக்ல டோஸ் விட்டாருன்னு கேட்டிருப்பீங்க. இங்க நம்பர் ஒப்பிக்கிறதுல பெரிய விஷயம் இல்ல, ஓவர், ரோஜர், வண்டிக்கு ஒரு பேரு, எழுத்து தப்பாப் போகாம இருக்க ஆல்ஃபா பிராவோ சார்லின்னு சொல்றது, இது எவனும் ஒரு வாரத்துல கத்துக்குவான். கஷ்டம் எதுல இருக்குன்னு என் கதைய வச்சே சொல்றேன்.

ரெண்டு வருசம் முன்னாடி குமுளில இருந்து லோயர் கேம்புக்கு எறங்கிட்டு இருந்தேன், கொண்டை ஊசி வளைவுல ஒரு பைக் கீழ கெடக்கு, பையனுக்கு கால்ல ரத்தம். 112 அடிச்சேன். என் போன் கேரளா டவரப் புடிச்சிருந்திருக்கு, கால் அந்தப் பக்கம் கன்ட்ரோல் ரூமுக்குப் போயிருச்சு, அந்தப் பொண்ணு மலையாளத்துல எவிடெயான்னு கேக்குது, நான் பதட்டத்துல குழாய் தெரியுற வளைவு, குழாய் தெரியுற வளைவுன்னே கத்துறேன், அந்தப் பெரியாறு தண்ணிக் குழாய் நமக்கு அடையாளம், எங்கயோ உக்காந்திருக்கிற அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும். பின்னாடி வந்த ஜீப் டிரைவர் போன வாங்கி, செக்போஸ்ட்ல இருந்து எத்தன கிலோமீட்டர், எத்தனாவது வளைவு, எத்தன பேருக்கு அடி, மூச்சு இருக்கு, பேசுறான், நாலே வரில மலையாளத்துல முடிச்சாரு. அந்தப் பொண்ணே கனெக்சன் குடுத்து நம்ம பக்கம் இருந்து வண்டி வந்துச்சு. நான் படிச்சவன், அவரு எட்டாவது. எங்கன்னு தெளிவா கேட்டு வாங்குறது, பதறுறவன அமட்டாம பேச வைக்கிறது, கேட்டத அப்படியே அடுத்த ஆளுக்குக் கடத்துறது, இதுதான்க்கா அந்த வேலை. உங்க பயலுக்கு தமிழ், அப்பா கூட எஸ்டேட்டுல இருந்ததுல மலையாளம், ரெண்டும் தண்ணியா வரும், அது அந்த நோட்டுல இருக்கிற எல்லா நம்பரையும் விட மதிப்பு, அவனுக்கே தெரியல.

இன்னொன்னும் சொன்னேன் அவன்கிட்ட. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணார் பெட்டிமுடில மண்ணு சரிஞ்சு நம்ம சனம் 70 பேரு போனாங்கல்ல, அன்னைக்கு அங்க கரண்டு இல்ல, போன் டவர் இல்ல, விடிஞ்சதுக்கு அப்புறம்தான் வெளிய தெரிஞ்சுச்சு. அதக் கேட்டதும் பய ஒண்ணும் பேசல, கொஞ்ச நேரம் கழிச்சு, அப்ப ரேடியோ இருந்திருந்தா சார்னான். அந்தக் கேள்விதான் எனக்கு வேணும்.

சரி வேலைக்கு வருவோம். நீங்க நெனக்கிற மாதிரி எஸ்ஐ ஆகுறது, கான்ஸ்டபிள் ஆகுறதுன்னு ரெண்டே வழி இல்ல. எனக்கு அவனுக்குப் பொருத்தமாப் படுறது போலீஸ் தொழில்நுட்பப் பிரிவு, வயர்லெஸ், கன்ட்ரோல் ரூம் கருவி எல்லாம் பாக்குறவங்க. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் எஸ்ஐ டெக்னிக்கல்னு தனியா ஆள் எடுக்குது, எலக்ட்ரானிக்ஸ் கம்யூனிகேசன்ல டிப்ளமோ இருந்தாப் போதும், டிகிரி இருந்தாலும் சரி. இவன் பிளஸ் டூல மேத்ஸ் பயாலஜி குரூப்பு, அதனால பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாவது வருசம் சேரலாம், ரெண்டே வருசத்துல டிப்ளமோ கைல வரும், அப்ப அவனுக்கு 20 ஆகிருக்கும், எஸ்ஐக்கு அதுதான் கொறஞ்ச வயசு. அரசு பாலிடெக்னிக்ல ஃபீஸும் கம்மி. ஆனா ஒண்ணு, இந்த வேலைக்கு வருசா வருசம் நோட்டிஃபிகேசன் வரும்னு நம்பி உக்காரக் கூடாது, எடைல சில வருசம் சும்மாவே போகும், அதனால டிப்ளமோ படிச்சிட்டு வேற வேலையும் பாத்துக்கிட்டே எழுதணும்.

எல்லைப் பாதுகாப்புப் படைல ஹெட் கான்ஸ்டபிள் ரேடியோ ஆபரேட்டர்னு ஒரு போஸ்ட் இருக்கு, பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி மேத்ஸ் மூணும் சேந்து 60% இருக்கணும், இவனுக்கு 64 இருக்கு, 25 வயசு வரைக்கும் போடலாம். பேரக் கேட்டாலே அவனுக்குக் கண்ணு மின்னுச்சு. வடக்க போய் இருக்கணும், குளிரு, நீங்கதான் அழுவீங்க, அவன் அழ மாட்டான்.

இரண்டாம் நிலைக் காவலர், ஃபயர் மேன், ஜெயில் வார்டர் மூணுக்கும் ஒரே பரீட்சைதான், பத்தாவது தகுதி. மொத தமிழ்த் தகுதித் தேர்வு, அதுல 40% எடுக்கலன்னா மத்த பேப்பரத் திருத்தவே மாட்டாங்க, கேரளா பக்கம் மலையாள மீடியம் படிச்ச நம்ம புள்ளைங்க பல பேரு இங்கதான் மாட்டுது, இவன் இங்க தமிழ்ல படிச்சவன், தமிழ் வழிக்கு 20% இடமும் இருக்கு, தப்பிச்சான். உயரம் 170 வேணும், 171 இருக்கான், நானே அளந்தேன். நெஞ்சு சாதாரணமா 81, மூச்ச இழுத்தா 5 சென்டிமீட்டர் விரியணும், இவனுக்கு 78 தான் வருது. 1500 மீட்டர் 7 நிமிசத்துல ஓடணும், கயிறு ஏறணும். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருக்கிறவன் எப்படி ஓடுவான்? இத நீங்க திட்டாதீங்க, நான் சொல்லிட்டேன், காலைல கிரவுண்டுக்குப் போறேன்னுருக்கான். ஃபயர் சர்வீஸ்னா தினமும் தீய அணைக்கிறதுன்னு நெனச்சிக்கிறாங்க, ஸ்டேசன்ல கேட்டுப் பாருங்க, பாம்பு, கெணத்துல விழுந்த மாடு, ரோட்ல சாஞ்ச மரம், கதவப் பூட்டிக்கிட்ட கொழந்த, இதுதான் பாதி நாளு.

பேரிடர் மீட்புப் படைல, அரக்கோணத்துல இருக்கே அதுல, நேரா சேத்து விடுங்கன்னு கேட்டீங்க. அதுக்கு நேரா ஆள் எடுக்க மாட்டாங்கக்கா, சிஆர்பிஎஃப், எல்லைப் படை மாதிரி மத்தியப் படைல இருக்கிறவங்கதான் அங்க டெபுடேசன்ல வர்றாங்க. யாராச்சும் காசு குடுத்தா சேத்து விடுறேன்னா வாசலோட அனுப்பிருங்க. அதே மாதிரி ஆறு மாச ஃபயர் அண்ட் சேஃப்டி கோர்சு, முடிச்சதும் கல்ஃப்ல வேலைன்னு போஸ்டர் ஒட்டிருக்கான்ல பஸ் ஸ்டாண்டுல, போன வருசம் எனக்குத் தெரிஞ்ச ஒரு பய நகைய அடகு வச்சுச் சேந்து இப்ப தேனில ஒரு மால்ல செக்யூரிட்டி. அந்தப் பக்கம் போறதா இருந்தா ஒழுங்காப் போகணும், கொச்சில குசாட் யுனிவர்சிட்டில சேஃப்டி அண்ட் ஃபயர் இன்ஜினியரிங் பி.டெக் இருக்கு, நாக்பூர்ல தேசிய தீயணைப்புக் கல்லூரி இருக்கு, ரெண்டுக்கும் என்ட்ரன்ஸ் எழுதணும், செலவும் ஆகும், உங்க வீட்டு நெலமைக்கு இப்ப நான் அதச் சொல்ல மாட்டேன்.

108ல மெடிக்கல் டெக்னீசியனுக்கு நர்சிங், அது இல்லன்னா லைஃப் சயின்ஸ் டிகிரி கேப்பாங்க, 12 மணி நேர ஷிஃப்ட், கம்பெனி மூலமா எடுக்கிறது, அரசு வேலை இல்ல. உங்க சின்னப் பொண்ணு நர்சிங் போனா அப்ப பேசிக்கலாம்.

முக்கியமான விஷயத்துக்கு இப்பத்தான் வர்றேன், உங்ககிட்ட அவன் சொல்லல. ஆன்லைன்ல 2000 ரூவாய்க்கு ஒரு வாக்கி டாக்கி வாங்கி வச்சிருக்கான், கம்பம் மெட்டுல ஏறி நின்னு நம்ம போலீஸ் பேசுறது கேக்குதான்னு பாக்கப் போறேன்னான். நான் திக்குனு ஆயிட்டேன். லைசன்ஸ் வேண்டாத கொறஞ்ச பவர் செட்டு இருக்கு, இது அது இல்ல. நம்ம நாட்ல இந்த மாதிரி செட்ட லைசன்ஸ் இல்லாம வச்சிருந்தாலே குத்தம், 1933லயே சட்டம் போட்டது, இப்ப 2023 டெலிகாம் சட்டமும் வந்துருச்சு, போலீஸ் பேசுறத ஒட்டுக் கேட்டான்னு கேசு ஆச்சுன்னா போலீஸ் வேலைக்கு வெரிஃபிகேசன்ல அதுவே நிக்கும். அமெரிக்கா சேனலக் கேட்டுட்டுப் போகட்டும், இத விடச் சொல்லுங்க.

ஆசைய அடக்கச் சொல்லல. ஹாம் ரேடியோன்னு இருக்கு, லைசன்ஸ் வாங்கிட்டு பொழுதுபோக்கா ரேடியோல பேசுறது, 12 வயசு ஆனாலே மத்திய அரசு பரீட்சை எழுதி லைசன்ஸ் வாங்கலாம், ரெஸ்ட்ரிக்டட் கிரேடுங்கிற கீழ்ப் படிக்கு மோர்ஸ்ங்கிற தந்தி பாஷை கூட வேண்டாம், வியூ3ன்னு (VU3) ஆரம்பிக்கிற பேரு அவனுக்கே அவனுக்குன்னு குடுப்பாங்க. 2004 சுனாமி வந்தப்ப டெல்லிக்கார அம்மா பாரதி பிரசாத் போர்ட் பிளேர்ல ஹாம் செட்டோட இருந்தாங்க, போன் எல்லாம் செத்துக் கெடந்தப்ப அந்தமான்ல இருந்து வெளிய சேதி போனதுல அவங்க டீமுக்குப் பெரிய பங்கு. இந்த லைசன்ஸ் இருந்தா எலக்ட்ரானிக்ஸ் படிப்பும் புடிப்பா வரும், இன்டர்வியூல சொல்லவும் ஒண்ணு இருக்கும்.

ஞாயித்துக்கிழமை மூணு பேரும் வாங்க. பத்தாவது, பிளஸ் டூ மார்க் ஷீட்டு, சாதிச் சான்று, அப்புறம் ரேசன் கார்டு கம்பத்துலயா வண்டிப்பெரியாத்துலயான்னு பாத்து எடுத்துட்டு வாங்க, நேட்டிவிட்டி அங்க இருந்துச்சுன்னா இங்க ஓசி, அதாவது பொதுப் பிரிவுல தள்ளிருவாங்க, அத மொதல்ல சரி பண்ணணும். அந்த வாக்கி டாக்கியையும் கொண்டு வரச் சொல்லுங்க, பேட்டரியக் கழட்டிட்டு.