எச்.ஐ.வி. உள்ள தாயின் குழந்தைக்கு 18 மாதம் வரை காத்திருக்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: தங்கைக்கு எச்.ஐ.வி. தொற்று இருக்கிறது. குழந்தை பிறந்து ஐந்து வாரம் ஆகிறது. மூன்றாவது வாரத்தில் ஓர் ஆய்வகத்தில் பார்த்த இரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. “அது தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்தான், 18 மாதம் கழித்து மறுபடி பார்த்துக்கொள்ளலாம்” என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

அவர் சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதியைக் கேட்டு ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். நான் செவிலியர். இப்படிப் பிறந்த குழந்தைகளின் குதிகாலில் இரத்தம் எடுப்பது பதினோரு ஆண்டுகளாக என் வேலை. இந்த ‘18 மாதம்’ என்ற சொல்லை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்ட குடும்பங்களைப் பார்த்திருப்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எதிர்ப்பொருள் என்பது கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் பொருள். கர்ப்பத்தில் இருக்கும்போதே தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்விடுகின்றன. அவை முழுவதும் மறைய 18 மாதம் வரை ஆகலாம். வழக்கமான விரைவுப் பரிசோதனை தேடுவது அந்த எதிர்ப்பொருளைத்தான். ஆகவே தொற்றே இல்லாத குழந்தைக்கும் அதில் பாசிட்டிவ் வரும். உங்கள் கையில் இருக்கும் தாள் தங்கைக்கு எச்.ஐ.வி. இருப்பதை இன்னொரு முறை சொல்கிறது. குழந்தையைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை. அதை வைத்து அழவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம்.

குழந்தைக்கு வேண்டியது வைரஸையே நேரடியாகத் தேடும் பி.சி.ஆர். வகைப் பரிசோதனை. உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சொல்லும் வயது 4 முதல் 6 வாரம், அதாவது இப்போது. சில இடங்களில் பிறந்தவுடனேயே ஒரு முறை பார்க்கிறார்கள். ஆனால் பிரசவ நேரத்தில் தொற்றியிருந்தால் அன்றைய இரத்தத்தில் வைரஸ் தென்படாது. அதனால் பிறந்த அன்று ‘நெகட்டிவ்’ என்று வந்திருந்தாலும் இந்தப் பரிசோதனையை விடக் கூடாது.

ஏன் இத்தனை அவசரம்? தொற்றுள்ள குழந்தைகளுக்கு மருந்து தொடங்காமல் விட்டால் மூன்றில் ஒரு பங்கு முதல் பிறந்தநாளைப் பார்ப்பதில்லை. இரண்டு வயதுக்குள் பாதிப்பேர் போய்விடுகிறார்கள். இறப்பு மிகுந்திருப்பது இரண்டு, மூன்று மாத வயதில். 18 மாதம் காத்திருப்பது என்றால், அந்த ஆபத்தான காலம் முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு கடப்பது. தென்னாப்பிரிக்காவில் 6 முதல் 12 வார வயதுக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2008இல் வெளியானது. உடல் நலிந்த பிறகு மருந்து தொடங்கிய பிரிவில் 16 சதவீதம் குழந்தைகள் இறந்தன. உடனே தொடங்கிய பிரிவில் 4 சதவீதம். அதைப் படித்த பிறகு, “அடுத்த மாதம் வருகிறோம்” என்று யார் சொன்னாலும் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

குதிகாலில் எடுப்பது எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். தங்கைக்குப் பயம் குறையும். முதலில் பாதத்தை உள்ளங்கைக்குள் பொத்தி வைத்துச் சூடாக்குவேன். சூடு இருந்தால் இரத்தம் தானாக வரும், அழுத்திப் பிழிய வேண்டியதில்லை. குதிகாலின் ஓரத்தில் ஒரு குத்து. முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்தடுத்த சொட்டுகளைத் தடித்த வடிகட்டித்தாள் அட்டையில் உள்ள ஐந்து வட்டங்களில் விழவிடுவேன். குழந்தை தாயின் மடியிலேயே, பால் குடித்துக்கொண்டே இருக்கலாம். ஒரு தாய் அந்த அட்டை சீக்கிரம் காயட்டும் என்று குனிந்து ஊதப் போனார். மெல்ல அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வாய்க்காற்று, விரல், வெயில் எதுவும் அதில் படக் கூடாது. நிழலில் பல மணி நேரம் தானாகக் காய வேண்டும். பிறகுதான் உறையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவோம். சில இடங்களில் அன்றைக்கே முடிவு சொல்லும் சிறு கருவிகள் வந்துவிட்டன. இல்லாத இடத்தில் முடிவு வர நாளாகும். இரத்தம் கொடுத்துவிட்டு முடிவை வாங்க வராதவர்கள் நிறைய. வீட்டில் சொல்லாமல் வந்திருப்பார்கள், கொடுத்த தொலைபேசி எண் வேறு யாருடையதாகவோ இருக்கும். மறுபடி எந்தத் தேதியில், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தடுப்பூசி போடும் நாளோடு சேர்த்துக்கொண்டால் வீட்டில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

பாசிட்டிவ் என்று வந்தால், உறுதிசெய்ய இரண்டாவது முறை இரத்தம் எடுப்பார்கள். ஆனால் அந்த முடிவு வரும் வரை மருந்தை நிறுத்தி வைப்பதில்லை, அன்றைக்கே தொடங்குவார்கள். நான்கு வாரக் குழந்தைக்கே கரைத்துக் கொடுக்கக்கூடிய மாத்திரைகள் இப்போது உண்டு.

நெகட்டிவ் என்று வந்தால் என்ன செய்வது என்பதுதான் என் மனத்தை உறுத்தும் விஷயம். சில ஆண்டுகளுக்கு முன்பு ஆறாவது வார முடிவைக் கையில் கொடுத்தபோது, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில், “உங்கள் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை அம்மா” என்று சொல்லிவிட்டேன். ‘இன்று வரை’ என்ற இரண்டு சொற்களைச் சேர்க்கவில்லை. பால் கொடுத்துக்கொண்டிருந்த அவர், எல்லாம் முடிந்தது என்று நினைத்துத் தன் மாத்திரைகளை நிறுத்திவிட்டார். ஒன்பதாவது மாதப் பரிசோதனையில் பையனுக்குத் தொற்று தெரிந்தது. மருந்து தொடங்கினோம், தேறிவிட்டான், இன்று பள்ளிக்குப் போகிறான். ஆனாலும் அந்த இரண்டு சொற்களை நான் அன்று சொல்லியிருக்க வேண்டும்.

பால் கொடுக்கும் வரை தொற்றும் வாய்ப்பு இருக்கிறது. அதனால் ஒன்பதாவது மாதத்தில் ஒரு முறை, பிறகு 18 மாதத்தில் அல்லது பால் நிறுத்தி மூன்று மாதம் கழித்து, இவற்றில் எது பிந்தியதோ அப்போது இறுதியாக ஒரு முறை பார்க்க வேண்டும். உங்களிடம் பேசியவர் குறிப்பிட்ட 18 மாதம் இதுதான். இது கடைசிப் பரிசோதனை.

தங்கை தன் மாத்திரைகளை ஒரு நாளும் விடக் கூடாது. பயந்துபோய்ப் பாலை அவராகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். எதை ஊட்டுவது என்பதைச் சிகிச்சை தரும் மருத்துவரோடு பேசி முடிவெடுக்கட்டும். பிறந்ததிலிருந்து குழந்தைக்கு நெவிரபின் போன்ற தடுப்பு மருந்து கொடுத்துவந்தால், சொன்ன நாள் வரை தொடருங்கள். கொடுக்கவே இல்லை என்றால், நாளை மருத்துவமனைக்குப் போகும்போது முதலில் அதைச் சொல்லுங்கள். மற்ற தொற்றுகளைத் தடுக்கும் கோட்ரைமாக்சசோல் தொடங்க வேண்டிய வயதும் இதுதான், அதையும் கேளுங்கள்.

ஒன்று கேட்டால் உங்களுக்குத் தெம்பு வரும். எந்தச் சிகிச்சையும் இல்லாதபோது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். சரியான சிகிச்சையும் தடுப்பு மருந்தும் இருந்தால் அது 5 சதவீதத்துக்குக் கீழே போய்விடுகிறது. கர்ப்பத்திலேயே தங்கை மாத்திரை எடுத்திருந்தால் நல்ல முடிவு வருவதற்கே வாய்ப்பு மிக அதிகம்.

நாளை காலையிலேயே கிளம்புங்கள். பிரசவத்தின்போது கொடுத்த தாள்களையும் இந்த ஆய்வகத் தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஐந்து வாரக் குழந்தை, பி.சி.ஆர். பார்க்க வேண்டும்’ என்று நேராகச் சொல்லுங்கள். முடிவு வாங்கப் போகும் நாளில் தங்கையைத் தனியாக அனுப்பாதீர்கள்.