கிராண்ட் இல்லாவிட்டால் ஆலைமீது புகார் கொடுக்க முடியாதா?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் குடியிருப்பிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஓடைக் கரையில் பதினைந்து வருஷமாகக் கீரையும் வெண்டையும் போடுகிறார், அந்த இடத்துக்குக் கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) கிடையாது. மாமியார் பேரில் கிராண்ட் உள்ள வீட்டு மனையில் ஒரு சின்ன மீன் குளம். மழை ராத்திரிகளில் மேலே இருக்கும் செம்பனை ஆலைப் பக்கமிருந்து கறுப்பாக, புளித்த வாடையோடு தண்ணீர் வருகிறதாம். போன மாதம் ஓடை பொங்கிக் குளத்துக்குள் புகுந்தது. விடிகாலையில் போய்ப் பார்த்தால் திலாப்பியா எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன, வெயில் ஏறுவதற்குள் செத்துவிட்டன. கணவர் அதே தோட்டத்தில் குலை வெட்டுகிறார். புகார் கொடுத்தால் வேலைக்கு ஆபத்தா, மகன் வீடியோவை பேஸ்புக்கில் போடட்டுமா என்று கேட்கிறார்.

சகோதரி, முதலில் மகனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். காரணம் பிறகு சொல்கிறேன்.

புகார் கொடுக்கக் கிராண்ட் வேண்டாம். 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 25ஆவது பிரிவு ஆற்றையும் ஓடையையும் காப்பதற்காக இருக்கிறது, கரையில் யார் பேரில் நிலம் இருக்கிறது என்று அது கேட்பதில்லை. ஓடையை மாசுபடுத்தும் குற்றத்துக்கு முன்பு அதிகபட்ச அபராதம் 1 லட்சம் வெள்ளி, 2024 திருத்தத்துக்குப் பிறகு 1 கோடி வெள்ளி. ஆனால் ஒன்று, ஆலை ஓடையில் தண்ணீர் விடுவதே குற்றம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், பலரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். சுத்திகரித்த கழிவுநீரை விட லைசன்ஸ் உண்டு. செம்பனை ஆலைகளுக்கான 1977 விதிகளின் கீழ் பி.ஓ.டி., அதாவது கழிவைத் தின்னும் கிருமிகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு, ஒரு லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, சில ஆலைகளின் லைசன்ஸில் அதைவிடக் கடுமையாகவே போட்டிருப்பார்கள். சுத்திகரிக்காத செம்பனைக் கழிவில் இது சுமார் 25,000. அந்தக் கழிவைத் தின்னும் கிருமிகள் தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனையும் சேர்த்து இழுத்துவிடும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடியது என்று எழுதினீர்களே, உங்கள் கடிதத்திலேயே எனக்கு முக்கியமான வரி அதுதான்.

ஆக, கேள்வி அந்தத் தண்ணீரில் அன்றைக்கு பி.ஓ.டி. எவ்வளவு இருந்தது என்பதே. நீங்கள் மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்து வைத்ததைக் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டே கேள்வியில் காலி செய்துவிடுவார். மாதிரி எடுக்க வேண்டியது சுற்றுச்சூழல் துறை அதிகாரி, நாம் ஜாஸ் என்கிறோமே, அவர்கள்தான். எனவே தண்ணீர் கறுக்கிற அந்த மணி நேரத்திலேயே 1-800-88-2727க்குக் கூப்பிடுங்கள், நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டால் மழை எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போய்விடும். புகார் எண்ணை வாங்கி ஒரு நோட்டில் தேதி, மணி, மழை, வாடை எல்லாம் எழுதுங்கள். வீடியோ எடுங்கள், ஆனால் உங்கள் பக்கத்திலிருந்து. ஆலை வேலிக்குள் காலை வைத்தால் அத்துமீறி நுழைந்தார் என்று கதையைத் திருப்பிவிடுவார்கள்.

இப்போது பேஸ்புக் விஷயம். 2010ஆம் ஆண்டு தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது, குற்றத்தை அமலாக்கத் துறையிடம் சொல்பவரின் அடையாளத்தை அது காக்கிறது. பழிவாங்கலிலிருந்து உங்களை மட்டுமல்ல, உங்களைச் சார்ந்தவரையும் காக்கிறது, கணவரும் அதில் அடக்கம். ஆனால் பேஸ்புக்கில் சொல்வதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. போதாக்குறைக்கு ஆலைப் பெயரைப் போட்டு எழுதினால் அவதூறு வழக்கும் வரலாம். ஜாஸிடம் புகார் கொடுக்கும்போதே இந்தச் சட்டத்தைச் சொல்லி, பெயரை ரகசியமாக வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள்.

நஷ்டஈடு வேறு கதை. கீரைக்காக வழக்குப் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை, ஆற்று ரிசர்வில் அனுமதியில்லாமல் பயிர் செய்வதே குற்றம், நீங்களாகப் போய் அதை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். டி.ஓ.எல். (தற்காலிகமாக நிலத்தைப் பயன்படுத்தும் லைசன்ஸ்) கிடைக்குமா என்று நில அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். குளம் அப்படியில்லை, அங்கே மாமியாருக்குக் கிராண்ட் இருக்கிறது, அவர் பேரில் கேட்கலாம். நஷ்டம் 5,000 வெள்ளிக்குள் என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சிறு கோரிக்கையாகவே போடலாம், வக்கீல் தேவையில்லை (என் பிழைப்பில் நானே மண்ணைப் போடுகிறேன்). ஆறு வருஷம் அவகாசம் உண்டு.

வரிசை மட்டும் மாறக் கூடாது, முதலில் ஜாஸ், பிறகு கோர்ட். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நடந்தது ஞாபகம் இருக்கும், புக்கிட் மேரா மக்கள் ஏசியன் ரேர் எர்த் என்ற அரிய மண் தாது ஆலைமீது தொடுத்த வழக்கில் 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. அடுத்த வருஷமே உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. லைசன்ஸ் கொடுத்த வாரியத்திடமே அதை ரத்து செய்யக் கேட்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

மீன் குஞ்சு வாங்கிய ரசீது, தீனி ரசீது இருந்தால் தேடி எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் விற்றவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், அவர் கடை மூடிப் போவதற்குள்.