மலையைக் கெல்லி எலி பிடிக்கிறவங்க

அன்புள்ள சார்,
பழங்கால எலிப் பல் பத்தி எழுதியிருந்தீங்க. இப்பதான் டிஎன்ஏ இருக்கே, உயிரோட இருக்கிற எலிகளை ஒப்பிட்டாலே எது எப்ப பிரிஞ்சதுன்னு தெரிஞ்சிடுமே, அப்புறம் எதுக்கு வருஷக்கணக்கா மண்ணை சலிக்கணும்? மலையைக் கெல்லி எலி பிடிச்ச கதையால்ல இருக்கு! அதுவும் ஏன் வெறும் பல்லு? நான் பயாலஜி படிக்கிறேன், இந்தத் துறைக்கு வரலாமா?
ஒரு மாணவர்

அன்புள்ள தம்பி,

கெல்லுறது நிஜமாவே மலை அடிவாரத்தைத்தான், சிரிச்சுட்டேன். ஆனா பயாலஜி படிக்கிற பையன் இப்படிக் கேட்டா கோவம் வருமா வராதா? பல்லு ஏன்னா, உடம்புலயே எனாமல்தான் கெட்டி, எலும்பு நொறுங்கினாலும் அது தங்கிடும், ஆந்தை முழுங்கிட்டுக் கக்கினதுலகூட கிடைக்கும். அது அவ்வளவுதான்.

டிஎன்ஏவுக்கு வர்றேன், கொஞ்ச நாளா இதேதான் மண்டைக்குள்ள ஓடிட்டிருக்கு. டிஎன்ஏ வித்தியாசத்தை எண்ணிச் சொல்லும், வருஷத்தை சொல்லாது. ரெண்டு எலிக்கு நடுவுல இத்தனை எழுத்து மாறியிருக்கு, சரி, அத்தனையும் மாற எத்தனை வருஷம் ஆச்சு? அதுக்கு எங்கயாவது தேதி தெரிஞ்ச ஒரு ஃபாசில் வேணுமில்லையா? சுண்டெலியும் பெரிய எலியும் எப்ப பிரிஞ்சதுங்கற கணக்குக்கு ரொம்ப காலமா அந்த தேதி வந்தது பாகிஸ்தான்ல பொட்வார் பீடபூமியிலேர்ந்து, நீங்க கிண்டல் பண்ற அதே சல்லடையிலேர்ந்துதான். இமயமலை அடிவாரத்து சிவாலிக் வண்டலைத் தண்ணில கரைச்சு அலசி, மிச்சத்தை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில பரப்பி, ஈரத் தூரிகை நுனியால ஒத்தி எடுக்கணும். ரெண்டு மில்லிமீட்டர் இருந்தா பெருசு, குண்டூசித் தலையில ஒட்டி வச்சிருப்பாங்க. ஒருத்தர் எனக்குக் காட்டினாரு, வெறுங்கண்ணுக்கு ஏதோ தூசி ஒட்டியிருக்குன்னுதான் தோணுச்சு, லென்ஸ்ல வச்சதும் முகடு முகடா ஒரு பல்லு, ஒவ்வொண்ணோட முனையும் தேஞ்சிருக்கு, அந்த எலி என்னத்தையோ மென்னிருக்கு, அரைமணி நேரம் நான் நகரவே இல்ல.

அந்த முகடுலதான் கதையே இருக்கு. மேல்தாடைக் கடவாப்பல்லுல நாக்குப் பக்கம் கூடுதலா ஒரு வரிசை முகடு வந்ததுதான் இந்த எலிக் குடும்பத்தோட அடையாளம். 1970கள்ல லூயிஸ் ஜேக்கப்ஸ்ங்கற ஃபாசில் ஆய்வாளர் பேரு வச்ச அன்டெமஸ்ங்கற எலி, சுமார் 1.4 கோடி வருஷப் பழசு, அதுல அந்த முகடு அரைகுறையா தனியா நிக்கும். சுமார் 1.2 கோடிக்கு வந்தா புரோகோனோமிஸ்ங்கற எலி, அதுல பக்கத்து முகடுகளோட சேர்ந்து வளைஞ்ச வரிசையா ஆயிடும். மிஸ்ஸிங் லிங்க் எங்கன்னு கேக்கிறவங்களை இங்க அனுப்புங்க.

புரோகோனோமிஸை சுண்டெலி வழின்னும், அந்தக் காலத்துல கூடவே இருந்த கர்னிமாட்டாங்கற இன்னொரு எலியைப் பெரிய எலி வழின்னும் நினைச்சு, சுண்டெலியும் பெரிய எலியும் பிரிஞ்சது 1.2 கோடின்னு வச்சு ஜீன்காரங்க கணக்கு மேல கணக்கு போட்டாங்க. 2015ல யூரி கிமுரா குழு (ஜேக்கப்ஸும் அதுல உண்டு) பல்லை மறுபடி உத்துப் பார்த்தா, அது ஆப்பிரிக்க புல்லெலி வழியாம்! தேதி சரி, மாட்டின கிளைதான் தப்பு. எத்தனை ஜீனோம் படிச்சாலும் இது தெரிஞ்சிருக்குமா, சொல்லுங்க தம்பி?

துறைக்கு வரலாமான்னு கேட்டீங்களே. எலியோட மேல்தாடை முதல் கடவாப்பல் படம் ஒண்ணு தேடி எடுங்க, முகடுகளுக்கு டி1, டி2ன்னு நம்பர் போடுவாங்க, பார்த்து உங்க கையால வரைஞ்சு அனுப்புங்க. அப்புறம் பேசுவோம்.