ஆறாம் அலெக்சாந்தர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன முறை ஆறாம் அலெக்சாந்தரைப் பற்றி, அதாவது 1492 முதல் 1503 வரை இருந்த போர்ஜியா குடும்பத்துப் போப்பைப் பற்றி, இரண்டு வரி எழுதப்போய் ஒரு கட்டுக் கடிதம் வந்து சேர்ந்திருக்கிறது. பாதிக்கு மேல் படுக்கையறைச் சமாச்சாரம். அவற்றை ஓரம் தள்ளிவிட்டு மிச்சத்துக்கு வருகிறேன்.

கே: வரலாற்றிலேயே மகா மோசமான போப் இவர்தானே?

ப: இல்லை. பத்தாம் நூற்றாண்டுக்குப் போய் பன்னிரண்டாம் ஜானைப் படித்துவிட்டு வாருங்கள்.

கே: போப்பின் மகள் லுக்ரேசியா மொத்தம் எத்தனை பேருக்கு விஷம் வைத்தாள்?

ப: வைத்தாளா என்று முதலில் கேட்டிருக்கலாம். ஒருவருக்கு வைத்ததற்கும் ஆதாரம் கிடையாது. மூன்று கல்யாணம், மூன்றும் அப்பாவும் அண்ணனும் போட்ட அரசியல் கணக்கு. இரண்டாவது கணவரை 1500இல் தீர்த்துக்கட்டியதும் அண்ணன் சேசாரேயின் ஆள்தான். அப்புறம் இத்தாலியின் ஃபெராரா நகருக்கு வாழப்போனவர், 1519இல் பிரசவத்துக்குப் பின் இறந்தார். வயது 39.

கே: இயேசுவின் படமே சேசாரேயின் முகத்தைப் பார்த்து வரைந்ததாமே? வாட்சப்பில் வந்தது.

ப: சேசாரே பிறந்தது 1475 வாக்கில். அதே தாடி, அதே நீள முடியோடு சீனாய் மலை மடத்தில் ஆறாம் நூற்றாண்டு ஓவியம் இருக்கிறது. அடுத்தவருக்கு அனுப்புமுன் கொஞ்சம் கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

கே: 1492இல் நான்கு கழுதைச் சுமை வெள்ளி கொடுத்துத்தான் போப் ஆனாரா?

ப: பேரம் நடந்தது. கர்தினால் அஸ்கானியோ ஸ்போர்சா ஓட்டுச் சேர்த்துக் கொடுத்தார். போர்ஜியா 35 வருஷம் கையில் வைத்திருந்த துணைச் சான்சலர் பதவி, போப்பின் அலுவலகத்தையே நடத்தும் பதவி, ஸ்போர்சாவுக்குப் போனது. கழுதைக் கதையை எழுதிவைத்த அந்தக் காலத்து ரோம் நாள்குறிப்பாளர் இன்ஃபெஸ்ஸுரா, போப்புகள் மேலேயே கடுப்பில் இருந்தவர், கொலோன்னா என்ற ரோம் பிரபுக் குடும்பத்தின் கட்சிக்காரர். எதைப் படித்தாலும் யார் எழுதியது என்று பாருங்கள். இதை எத்தனை முறை சொல்வது!

கே: செஸ்ட்நட் விருந்து நிஜமாகவே நடந்ததா? அது ஒன்றே தீர்ப்புச் சொல்லப் போதாதா?

ப: இந்த விருந்தைக் கேட்டு ஒரு கடிதமாவது வராமல் இருப்பதில்லை. 1501 அக்டோபர் 31 இரவு, சேசாரேயின் அறை, 50 கணிகையர், அவர்கள் பொறுக்கத் தரையில் இறைத்த செஸ்ட்நட் கொட்டைகள், பார்த்துக்கொண்டு போப்பும் மகளும். எழுதியவர் போப்பின் சடங்கு அதிகாரி புர்க்கார்ட். வீட்டுக்குள்ளேயே சம்பளம் வாங்கியவர் என்பதால் லேசில் தள்ளவும் முடியாது. அந்தப் பகுதி அவருடைய வழக்கமான வறட்டு நடையில் இல்லையே என்று சந்தேகப்படும் ஆய்வாளர்களும் உண்டு. சரி, நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். 20 வருஷத்துக்கு மேல் எழுதிய நாள்குறிப்பில் இந்த ஒரு பக்கத்தைத் தவிர வேறெதையும் யாரும் புரட்டுவதில்லை என்பதுதான் என் எரிச்சல்.

1503 ஆகஸ்ட் 18ஐப் புரட்டுங்கள். போப்பின் உயிர் பிரிகிறது. சேசாரேயின் அடியாள் மிக்கெலோத்தோ ஆட்களோடு வந்து கதவுகளை அடைக்கிறான். கர்தினால் கசநோவாவிடம் கத்தியை நீட்டி, சாவியைக் கொடு, இல்லையென்றால் கழுத்தை அறுத்து ஜன்னல் வழியாக வீசுவேன் என்கிறான். சாவி வருகிறது. வெள்ளிச் சாமான்களும் இரண்டு பெட்டித் தங்க நாணயமும் போகின்றன. பின்னாலேயே வேலையாட்கள் அலமாரிகளைத் துடைத்து எடுக்கிறார்கள்.

அவ்வளவு பணம் எங்கிருந்து சேர்ந்தது? 1500 செப்டம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் 12 கர்தினால்கள், அவர்களிடம் வசூல் 1 லட்சம் டுகாட் தங்கக் காசுக்கு மேல். வட இத்தாலியின் ரொமாஞாவில் மகன் சேசாரேக்கு ராஜ்யம் பிடித்துக்கொடுக்கக் கிளம்பிய படையின் செலவுக்கு அது போயிற்று. திருச்சபையின் கஜானாவைக் குடும்பக் கஜானாவாக நடத்தியதற்குத்தான் இவர் கூண்டில் ஏற வேண்டும். கொட்டை பொறுக்கிய கதை கடைசி வரியில் வந்தால் போதும்.

கே: எல்லாப் போப்புகளும் அப்போது அப்படித்தானே? ஏன் இவரை மட்டும்?

ப: இதுவும் அலுத்துப்போன வாதம். இவருக்கு முந்தைய எட்டாம் இன்னொசென்டுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள், நிஜம்தான். ஆனால் 1497இல் மகன் ஹுவானின் சடலம் டைபர் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டதும், துக்கத்தில் இவரே சீர்திருத்தக் குழு அமைத்தார். பதவி விற்பனைக்கும் கர்தினால்களின் ஆடம்பரத்துக்கும் கடிவாளம் போடும் வரைவு தயாரானது. வெளியிடவே இல்லை. எது தப்பு என்று தெரியாமல் செய்தவர் என்று இவருக்காக யாரும் வாதாட முடியாது.

கே: இவரிடம் நல்லதே இல்லையா?

ப: உண்டு. ஸ்பெயின் துரத்திய யூதர்களில் பலருக்கு ரோமில் இடம் கொடுத்தார்.

கே: உலகத்தை ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் பங்கு போட்டவர் இவர்தானே?

ப: பாதி சரி. 1493 ஆணையில் அசோர்ஸ், கேப் வெர்டே தீவுகளுக்கு மேற்கே 100 லீக்கில் (லீக் அந்தக் காலத்துத் தூர அளவு) கோடு கிழித்தார், ஸ்பெயினுக்குச் சாதகமாக. போர்ச்சுகல் ஒப்பவில்லை. 1494இல் ஸ்பெயினின் தோர்தெசில்லாஸ் ஊரில் இரு நாடுகளும் தாங்களே பேசி 370 லீக்குக்குத் தள்ளிக்கொண்டன. போர்ச்சுகலின் கடல் உரிமைகளுக்கு முன்பே முத்திரை வைத்தவர்களில் இவருடைய தாய்மாமன் போப் மூன்றாம் கலிஸ்துவும் ஒருவர்.

கே: புனித பிரான்சிஸ் போர்ஜியா இவருக்கு உறவா?

ப: கொள்ளுப்பேரன். டைபரில் கிடந்தாரே ஹுவான், அவருடைய பேரன். இயேசு சபையின் மூன்றாவது தலைவர். 1670இல் புனிதர் பட்டம். இதை வைத்துக் கொள்ளுத்தாத்தாவைக் கரையேற்றும் கடிதங்களைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள். ஏற்கெனவே மூன்று வந்துவிட்டன.