ஃபிரிட்ஜ் சோறு சாப்பிட்டால் சுகர் ஏறாதா?

கேள்வி: என் கணவருக்கு 52 வயது, சுகர் மாத்திரை சாப்பிடுகிறார். சோற்றை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் சூடாக்கினால் மாவுச்சத்து செரிக்காமல் போய்விடும் என்று ஒரு வீடியோவில் பார்த்து, பொன்னி அரிசிச் சோற்றை அப்படித்தான் கொடுக்கிறேன். இப்போது அவர் "அதான் ஏறாதே" என்று இரண்டு தட்டு சாப்பிடுகிறார். சரியா?
ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: சரியில்லை சகோதரி, அந்த இரண்டாவது தட்டை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். வீடியோவில் சொன்னது பொய்யில்லை, ஆனால் பலன் எவ்வளவு சின்னது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், எனக்குக் கவலையே அதுதான்.

அரிசி மாவுச்சத்தில் இரண்டு வகை உண்டு. அமைலோபெக்டின் கிளை கிளையாகப் பிரிந்தது, வெந்துவிட்டால் செரிமான நொதிகள் அதைச் சீக்கிரம் உடைத்துவிடும், சர்க்கரை மளமளவென்று ரத்தத்தில் சேரும். அமைலோஸ் நீளச் சங்கிலி, நெருக்கமாக அடைந்து கிடப்பதால் உடைய நேரமாகும். எது எவ்வளவு என்பது நெல் ரகத்தைப் பொறுத்தது: வட தாய்லாந்தில் சாப்பிடும் ஒட்டரிசியில் அமைலோஸ் கிட்டத்தட்ட இல்லவே இல்லை, உதிரியாக வேகும் சில ரகங்களில் 25 சதவீதத்துக்கும் மேல். சோறு ஆறும்போது இந்த அமைலோஸ் சங்கிலிகள் மறுபடி ஒன்றோடொன்று இறுகிவிடுகின்றன, பிறகு கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கினாலும் பிரிவதில்லை, அந்தப் பகுதிதான் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகிறது. குழைந்து ஒட்டும் ரகத்தில் இறுகுவதற்கு அமைலோஸே குறைவு என்பதால் அங்கே ஃபிரிட்ஜ் பெரிதாக எடுபடாது.

இப்போது கணக்கைப் பாருங்கள். இந்தோனேசிய ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், 100 கிராம் சுடுசோற்றில் செரிக்காத மாவுச்சத்து 0.64 கிராம், ஃபிரிட்ஜில் 24 மணி நேரம் வைத்துச் சூடாக்கியதில் 1.65 கிராம். அதைச் சாப்பிட்ட 15 பேருக்குச் சர்க்கரை ஏற்றம் குறைந்தது உண்மைதான், ஆனால் அவர்கள் சுகர் இல்லாதவர்கள். 100 கிராம் சோற்றில் மாவுச்சத்து ஏறக்குறைய 28 கிராம், அதில் நீங்கள் கூடுதலாகத் தப்பிக்க வைப்பது ஒரே ஒரு கிராம். அவர் இரண்டாவது தட்டில் 200 கிராம் போட்டுக்கொண்டால் 56 கிராம் புதிதாக உள்ளே போகிறது!

பொன்னி என்றால் பயமில்லை என்றும் நினைக்க வேண்டாம். சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் சோதித்தபோது சோனா மசூரி, பொன்னி, சூர்த்தி கோலம் மூன்றுக்குமே கிளைசிமிக் இன்டெக்ஸ் (ஒரு உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்று காட்டும் எண்) 70க்கு மேல்தான் வந்தது, 70 என்றாலே அது அதிகம் என்ற பிரிவு.

அதனால் ஃபிரிட்ஜ் பழக்கம் இருக்கட்டும், அளவு ஒரு தட்டைத் தாண்ட வேண்டாம், முதலில் காயும் பருப்பும், அப்புறம் சோறு. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதி வையுங்கள், அவர் உடம்புக்கு எது ஒத்துவருகிறது என்று எந்த வீடியோவையும் விட அது நன்றாகச் சொல்லும்.

இன்னொன்று, வடித்த சோறு மணிக்கணக்கில் அடுப்படியில் கிடக்கக் கூடாது. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது, வெளியே கிடக்கும்போது அது உண்டாக்கும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். சோற்றை நன்றாகக் குறைத்தால் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள், அதே மாத்திரை அளவில் சுகர் ரொம்ப இறங்கிவிடவும் கூடும்.